வாசிப்புச் சரளம்: எந்தப் பிள்ளைக்கு எந்த மட்டம், எந்த இலக்கு?

தரம் 4 வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது பேர் கையிலும் ஒரே தமிழ்ப் புத்தகம்தான் இருக்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்டு இலவசமாகத் தரும் புத்தகம். ஆனால் வாசிப்பு அப்படி ஒரே அளவில் இருப்பதில்லை. ஒருத்தி பந்தியை முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்து வாங்கில் இருப்பவன் இரண்டாம் வரியில் ஒரு சொல்லிலேயே நிற்பான். இரண்டு பேருக்கும் அதே பந்தியைக் கொடுத்து "நல்லா வாசியுங்க" என்று சொன்னால் அவளுக்கும் பிரயோசனமில்லை, அவனுக்கும் பிரயோசனமில்லை.

திருகோணமலை மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் ஆசிரியர்கள், பின்னேரங்களில் பிள்ளைகளைச் சேர்த்து வாசிக்கப் பழக்கும் அக்காமார், அண்ணாமார், வீட்டில் பிள்ளையோடு உட்காரும் தாய் தகப்பன் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஒரு பிள்ளைக்கு எந்த மட்டத்துப் பந்தியைக் கொடுப்பது, நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று இலக்கு வைப்பது, அதை எப்போது மாற்றுவது என்ற மூன்று கேள்விகள்தான் இங்கே பேசப்போவது. மூன்றுக்கும் விடை பிள்ளையின் முதல் வாசிப்பில் இருக்கிறது. தரத்திலும் இல்லை, வயதிலும் இல்லை, புலமைப்பரிசில் பரீட்சைக்கு எத்தனை மாதம் மிச்சம் என்பதிலும் இல்லை.

சரளம் என்றால் வேகம் மட்டுமா?

இல்லை. மூன்று விஷயம் சேர்ந்தது அது: பிழையில்லாமல் வாசிப்பது, தேவையான வேகத்தில் வாசிப்பது, பொருள் தெரியும்படி நிறுத்தி ஏற்றி இறக்கி வாசிப்பது. வேகத்தை அளப்பது சுலபம். அதனால்தான் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

வேகம் ஏன் வேண்டும் என்பதற்கு லபேர்ஜ், சாமுவேல்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1974இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். மனதின் கவனம் ஓர் அளவுக்குட்பட்டது. எழுத்தைக் கூட்டுவதிலேயே அது முழுவதும் செலவானால், கதையை விளங்கிக்கொள்ள மிச்சம் இருக்காது. எழுத்து தானாக ஓடத் தொடங்கினால்தான் கவனம் பொருளுக்குப் போகும். அதே சாமுவேல்ஸ் 1979இல், சிறு பந்தி ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கும் மீள்வாசிப்பு முறையை எழுதினார். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில், ஒருவர் பக்கத்தில் இருந்து திருத்தக் கேட்க, பிள்ளை சத்தமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பது பலன் தருகிறது என்று சொன்னது. இந்த வழிகாட்டி அந்த முறையில்தான் நிற்கிறது. பந்தி சரியான மட்டத்தில் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது.

படி 1: பந்திகளை மட்டம் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்

இதுதான் அதிக நேரம் எடுக்கும் வேலை. ஒருமுறை செய்துவிட்டால் வருடக்கணக்கில் பாவிக்கலாம். இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

ஆறு மட்டம் போதும். ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்துப் பந்திகள் இருக்கட்டும். கீழ் மட்டங்களில் 60 முதல் 80 சொல், மேல் மட்டங்களில் 120 முதல் 150 சொல். ஒரு நிமிடத்துக்குள் பிள்ளை முடித்துவிடாத நீளம் வேண்டும், அவ்வளவுதான். தரம் 1 முதல் 5 வரையான பாடப்புத்தகங்களிலிருந்து எடுக்கலாம். ஆனால் வகுப்பில் ஏற்கெனவே படித்த பாடத்தை மட்டம் பார்க்கப் பாவிக்காதீர்கள். மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், பார்வை மட்டும் புத்தகத்தில் இருக்கும். நீங்களே எழுதும் பந்திகள் இன்னும் உதவும்.

மட்டங்களுக்குத் தரம் 1, தரம் 2 என்று பெயர் வைக்க வேண்டாம். தரம் 5 பிள்ளையின் கையில் "தரம் 2" என்று எழுதிய தாள் இருந்தால் அந்தத் தாளை அவன் மடித்து மறைத்துக்கொள்வான். புல்மோட்டை பஸ் போகும் வழியை வைத்துப் பெயரிடலாம்: மிகச் சுலபமான மட்டம் உப்புவெளி, அடுத்தடுத்து நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, திரியாய், மிகக் கடினமானது புல்மோட்டை. டவுனிலிருந்து ஏறினால் முதலில் வருவது உப்புவெளிதானே, அங்கிருப்பவர்கள் கோபிக்கக்கூடாது. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துப் பாடசாலைகள் தங்கள் ரோட்டுக்கு ஏற்ற பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பந்தி கடினமா சுலபமா என்று எப்படிப் பார்ப்பது? தமிழுக்கு நான் பார்ப்பவை இவை. வாக்கியத்தில் எத்தனை சொல். ஒரு சொல்லில் சராசரியாக எத்தனை எழுத்து. 'போட்டுக்கொண்டு', 'வந்துகொண்டிருந்தார்கள்' போன்ற சேர்ந்து நீண்ட சொற்கள் எத்தனை. ஜ, ஷ, ஸ, ஹ வருகிறதா. பேச்சில் புழங்காத சொல் எவ்வளவு. கடைசியாக, விஷயம் பிள்ளைக்குத் தெரிந்ததா. தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய பந்தி நுவரெலியாப் பிள்ளைக்கு ஓடும், சம்பூர்ப் பிள்ளைக்கு ஓடாது. கரைவலையைப் பற்றி எழுதினால் நிலைமை தலைகீழ்.

ஒரு மாதிரியைப் பார்ப்போம். நிலாவெளி மட்டத்துக்கு எழுதியது:

காலையில் கடல் அமைதியாக இருந்தது. மாமா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார். நான் அவர் பின்னால் ஓடினேன். "இன்று நெத்தலி நிறைய வரும் போலிருக்கிறது" என்றார் மாமா. பறவைகள் தண்ணீருக்கு மேலே வட்டமிட்டன.

இது பந்தியின் தொடக்கம் மட்டும். இதில் 25 சொல் இருக்கிறது. எழுத்துகளை எண்ணினால் (மெய், உயிர்மெய் எல்லாம் ஒவ்வொன்று, 'கடல்' என்றால் மூன்று) சரியாக 100. சொல்லுக்குச் சராசரி 4 எழுத்து. ஒரே மட்டத்தில் வைக்கும் பந்திகளின் சராசரி கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 4, இன்னொன்று ஐந்தரை என்றிருந்தால் அவை ஒரே மட்டம் இல்லை. முழுப் பந்தியையும் எண்ணத் தேவையில்லை, முதல் 25 சொல்லை எண்ணினாலே நிலைமை தெரியும்.

ஆசிரியரின் பிரதியில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அதுவரை வந்த சொல்லின் எண்ணிக்கையை எழுதுங்கள். பிள்ளையின் பிரதியில் எண் எதுவும் இருக்கக்கூடாது. எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். போட்டோ கொப்பி மங்கலாக இருந்தால் 'ன'வும் 'ண'வும் ஒன்றுபோலத் தெரியும், அப்புறம் பிழை பிள்ளையுடையதா மெஷினுடையதா என்று தெரியாது.

படி 2: முதல் வாசிப்பைக் கேளுங்கள்

முதல் வாசிப்பு என்றால் பிள்ளை அதற்கு முன் பார்த்திராத பந்தி. ஒரு மட்டத்திலிருந்து மூன்று பந்திகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். எந்த மட்டத்தில் தொடங்குவது? பிள்ளையின் தரத்துக்கு உரியது என்று நீங்கள் நினைப்பதைவிட ஒரு மட்டம் கீழே. சுலபத்தில் தொடங்கி மேலே போனால் பிள்ளைக்கு உற்சாகம் இருக்கும். கடினத்தில் தொடங்கிக் கீழே இறக்கினால் அதற்கும் விளங்கிவிடும், முகம் வாடிவிடும்.

இடம் முக்கியம். வகுப்பின் முன்னால் வேண்டாம். வராந்தா ஓரம், நூலக மூலை, மரத்தடி, எங்கேயாவது இன்னொரு பிள்ளைக்குக் கேட்காத இடமாக இருக்கட்டும். மார்கழி மழை தகரத்தில் கொட்டும்போது இதைச் செய்யாதீர்கள். நீங்களும் கேட்க மாட்டீர்கள், பிள்ளையும் கத்தத்தான் பார்க்கும். முதலாம் தவணை தொடங்கி இரண்டாம் மூன்றாம் கிழமை நல்ல நேரம்.

ஒரு பிள்ளைக்கு ஆறேழு நிமிடம் போகும். குழு வேலை நடக்கும்போது ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்தால் முப்பது பேரையும் ஆறு பாடசாலை நாட்களில் முடிக்கலாம்.

சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "மகள், இதைச் சத்தமா வாசியுங்க. ஓடத் தேவையில்ல, விளங்கி வாசியுங்க. தெரியாத சொல் வந்தா நான் சொல்லித் தருவன்." முதல் சொல்லை வாசிக்கத் தொடங்கியதும் போனில் நேரத்தை ஓட விடுங்கள். போனை மேசையில் குப்புற வைத்துவிடுங்கள். இலக்கங்கள் ஓடுவதைப் பார்த்தால் பிள்ளையும் ஓடும்.

எது பிழை? சொல்லை மாற்றி வாசிப்பது, விட்டுவிடுவது, மூன்று வினாடிக்கு மேல் நின்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டி வருவது. தானே திருத்திக்கொண்டால் பிழை இல்லை. சொன்னதைத் திரும்பச் சொன்னாலும் பிழை இல்லை, நேரம் மட்டும் போகும். ஒரு வரியையே தாண்டிவிட்டால் விரலால் காட்டி மீண்டும் அந்த வரிக்குக் கொண்டுவாருங்கள்.

பேச்சு வழக்கு என்ற சிக்கல் இங்கேதான் வரும். 'பழம்' என்று எழுதியிருக்கிறது, பிள்ளை 'பளம்' என்கிறது. வீட்டிலும் ஊரிலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றால் அது வாசிப்புப் பிழை இல்லை. 'அமைதியாக' என்பதை 'அமைதியா' என்றும், 'பின்னால்' என்பதை 'பின்னால' என்றும் வாசிப்பதும் அப்படியே. கிண்ணியா, மூதூர்ப் பிள்ளையின் பேச்சும் டவுன் பிள்ளையின் பேச்சும் ஒன்றில்லை. ரீச்சர் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் மட்டம் மாறக்கூடாது. உச்சரிப்பைத் திருத்த வேறு நேரம் இருக்கிறது. ஆனால் 'தோளில்' என்பதைத் 'தோலில்' என்று வாசித்தால் பொருளே மாறிவிடுகிறது, அதைப் பிழையாகத்தான் எடுக்க வேண்டும்.

மேலே உள்ள பந்தியை ஒரு பிள்ளை வாசிக்கிறது என்று வைப்போம். 'தோளில்' தோலில் ஆயிற்று. 'போட்டுக்கொண்டு' என்ற இடத்தில் நின்றது, மூன்று வினாடி பார்த்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள். 'வட்டமிட்டன' என்பது 'வட்டமிட்டது' ஆயிற்று. 'ஓடினேன்' என்பதை முதலில் 'ஓடினான்' என்று வாசித்துத் தானே திருத்தியது, அதை விட்டுவிடுங்கள். ஆக 25 சொல்லில் பிழை 3, சரி 22. துல்லியம் 88 வீதம்.

வாசித்து முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று நேரடியாக விடை உள்ளது: "மாமா தோளில என்ன போட்டிருந்தார்?" ஒன்று யோசிக்க வேண்டியது: "நெத்தலி வரும் எண்டு மாமாவுக்கு எப்பிடித் தெரிஞ்சிருக்கும்?" (பறவைகள் வட்டமிடுவதைப் பிடிக்கும் பிள்ளை நன்றாக விளங்கியிருக்கிறது.) மூன்றாவது, கதையைச் சொல்லச் சொல்வது.

படி 3: மட்டத்தை முடிவு செய்யுங்கள்

முதலில் துல்லியத்தைப் பாருங்கள். வேகம் பிறகு.

எம்மெட் பெட்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946இல் வகுத்த எல்லைகளையே உலகம் இன்னும் சிறு மாற்றங்களோடு பாவிக்கிறது. 99 வீதம் சரியாக வாசித்தால் பிள்ளை தனியாக வாசிக்கக்கூடிய நூல். 95 வீதமளவில் இருந்தால் ஆசிரியர் பக்கத்தில் இருந்து படிப்பிக்க ஏற்றது. 90க்குக் கீழே போனால் பிள்ளை களைத்துப்போகும். சரளப் பயிற்சிக்கு நமக்கு வேண்டியது நடுவில் உள்ளது: முதல் வாசிப்பில் 95ஐ ஒட்டிய துல்லியம், மூன்று கேள்வியில் இரண்டுக்காவது விடை. சொல்லெல்லாம் கிட்டத்தட்டத் தெரியும், ஆனால் ஓடவில்லை என்ற நிலை.

90க்கும் 94க்கும் இடையில் வந்தால்? மூன்று பந்தியையும் பாருங்கள். இரண்டு 95க்கு மேலே, ஒன்று மட்டும் கீழே என்றால் அந்த மட்டத்திலேயே வையுங்கள். மூன்றும் 91, 92 என்றால் ஒரு மட்டம் இறக்குங்கள். சந்தேகம் வந்தால் கீழ் மட்டம்தான். அங்கிருந்து ஒரு மாதத்தில் மேலே ஏற்றலாம். மேல் மட்டத்தில் ஒரு மாதம் திணறிய பிள்ளையை மறுபடி வாசிக்க உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. மேலே பார்த்த 88 வீதப் பிள்ளைக்கு உப்புவெளிப் பந்திகளை எடுக்க வேண்டியதுதான்.

99, 100 என்று வந்து, நிறுத்தி ஏற்றி இறக்கியும் வாசித்தால் மட்டம் சுலபம். மேலே போங்கள்.

நிமிடத்துக்குப் பத்துச் சொல்கூட வராத பிள்ளைக்குச் சரளப் பயிற்சியே வேண்டாம். அதற்கு வேறு வேலை இருக்கிறது. இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005இல் தொடங்கிய அசர் கணக்கெடுப்பில் பிள்ளைகளை எழுத்து, சொல், பந்தி, கதை என்ற படிகளில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஒழுங்கிலேயே கீழே இறங்குங்கள். சொல் வாசிக்கிறதா? இல்லையென்றால் எழுத்துகள் தெரியுமா? நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: கெ–கே, கொ–கோ என்ற குறில் நெடில், எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு, இரு பக்கமும் குறி வரும் எழுத்துகள். 247 எழுத்தையும் திரும்ப எழுத வைக்காதீர்கள். எந்தக் குறி பிழைக்கிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் பழக்குங்கள். அது ஓடத் தொடங்கியதும் உப்புவெளிக்கு வரட்டும்.

படி 4: இலக்கு வையுங்கள்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது ஹஸ்புரூக், டின்டல் இருவரும் தொகுத்த ஆங்கில அட்டவணை. 2017 பதிப்பில் இரண்டாம் வகுப்பு முடிவில் நடுநிலை மாணவர் நிமிடத்துக்கு 100 சொல், மூன்றாம் வகுப்பு முடிவில் 112. இதை எடுத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு முன்னால் வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது அமெரிக்கப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசித்த கணக்கு. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாகப் பிரிந்து நிற்பதைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்துவிடும். 'வந்துகொண்டிருந்தார்கள்' ஒரு சொல்தான், ஆனால் 12 எழுத்து. அதை வாசிக்கிற நேரத்தில் ஆங்கிலப் பிள்ளையின் கணக்கில் மூன்று சொல் ஏறியிருக்கும்.

இலக்கைப் பிள்ளையின் எண்ணிலிருந்தே எடுங்கள். மூன்று முதல் வாசிப்புகளிலும் நிமிடத்துக்குச் சரியாக வாசித்த சொற்களை எழுதி, நடு எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரு பந்தியில் பிள்ளை தடுமாறியிருந்தால் சராசரி கீழே விழும், நடு எண் அசையாது. 38, 44, 41 என்று வந்தால் நடு எண் 41. அதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்: 41 உடன் 14, மொத்தம் 55. ஐந்தின் மடங்குக்குச் சரிசெய்துகொண்டால் பிள்ளைக்கு நினைவில் நிற்கும்.

இந்த 55, ஒரு பந்தியைப் பழகி முடித்த பின் எட்ட வேண்டிய இலக்கு. நாலைந்து தடவை வாசித்த பிறகு வர வேண்டியது. புதிய பந்தியை முதல் தடவையிலேயே 55இல் வாசிக்க வேண்டும் என்பதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பல பெற்றோர் பிள்ளையை ஏசுகிறார்கள்.

இரண்டாவது இலக்கு தவணைக்கு உரியது: முதல் வாசிப்பு எண் எவ்வளவு உயர வேண்டும் என்பது. அமெரிக்காவில் ஃபக்ஸ் குழுவினர் 1993இல் ஆங்கிலத்துக்குக் கிழமை வாரியான வளர்ச்சி எண்களைக் கொடுத்தார்கள். இரண்டாம் வகுப்புக்குக் கிழமைக்கு ஒன்றரைச் சொல், ஐந்தாம் வகுப்புக்கு அரைச் சொல். அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணை அல்ல, போக்கை: சிறிய பிள்ளைகள் வேகமாக ஏறுவார்கள், பெரிய பிள்ளைகள் மெதுவாக ஏறுவார்கள். முதல் நான்கு கிழமையில் இந்தப் பிள்ளை எவ்வளவு ஏறியது என்று பார்த்து, அதே வேகத்தில் தவணை முடிவில் எங்கே நிற்கும் என்று கோடு போடுங்கள். கிராஃப் தாளில் போட்டால் பிள்ளையே தன் கோட்டைப் பார்க்கும். பக்கத்துப் பிள்ளையின் கோட்டைக் காட்டாதீர்கள்.

படி 5: பழக்கும்போது

முறை இவ்வளவுதான். பிள்ளை ஒரு தடவை வாசிக்கிறது, எண்ணை எழுதுகிறீர்கள். பிறகு நீங்கள் வாசித்துக் காட்ட, பிள்ளை விரல் வைத்துக் கூடவே மெல்ல வாசிக்கிறது. பிறகு தனியாக மூன்று நான்கு தடவை. கடைசியில் மறுபடி ஒரு நிமிடம். நேரமில்லாத ரீச்சர்மார் பந்தியைப் போனில் பதிவு செய்து பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பலாம். பதிவு செய்யும்போது வழமையைவிடக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள், ஆனால் சொல் சொல்லாகப் பிய்க்க வேண்டாம்.

வீட்டில் எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மம்மா இருக்கிறார் என்றால் அவரையே கேட்கச் சொல்லுங்கள். பிழையைப் பிடிக்க அவரால் முடியாமல் போகலாம். "எனக்கு விளங்கேல்ல, திரும்ப வாசி" என்று சொல்ல முடியும். மீள்வாசிப்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

பந்தியில் தேறியதாக எடுக்க நான்கும் வேண்டும்: இலக்கு எண், மூன்றுக்கு மேற்படாத பிழை, கேள்விக்கு விடை, ஒழுங்கான நிறுத்தம். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டில் இதற்கு நான்கு படி அளவுகோல் உண்டு. சொல் சொல்லாக வாசிப்பது முதல் படி, பொருள் உள்ள நீண்ட தொடர்களாக வாசிப்பது நான்காம் படி. அதில் இரண்டு இரண்டு சொல்லாக வாசிப்பது கீழ்ப் படியில் வரும். தமிழில் அதை அப்படியே எடுக்க முடியாது. நம் இரண்டு சொல்லுக்குள் ஒரு முழுத் தொடரே இருக்கும். எத்தனை சொல்லில் நிறுத்தியது என்பதை விட்டுவிட்டு எங்கே நிறுத்தியது என்று கேளுங்கள். "மாமா, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, கரைக்கு வந்தார்" என்றால் விளங்கி வாசிக்கிறது. "மாமா வலையைத், தோளில், போட்டுக்கொண்டு கரைக்கு, வந்தார்" என்றால் எண் எவ்வளவாக இருந்தாலும் இன்னொரு தடவை வாசிக்கட்டும்.

படி 6: எப்போது மாற்றுவது

ஐந்தாறு பந்தி முடிந்ததும் தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு பந்தியிலிருந்து முடிவெடுக்காதீர்கள்.

இரண்டே தடவையில் எல்லாப் பந்தியிலும் தேறுகிறது என்றால் ஏதோ ஒன்று சுலபம். எது? முதல் வாசிப்பில் பிழை அநேகமாக இல்லை, கேள்விகளும் சரி என்றால் மட்டத்தை ஏற்றி, இலக்கை அப்படியே வையுங்கள். முதல் வாசிப்பில் பிழை இன்னும் இருக்கிறது, ஆனால் வேகம் சீக்கிரம் வந்துவிடுகிறது என்றால் மட்டத்தைத் தொடாமல் இலக்கை ஐந்து அல்லது பத்துச் சொல் கூட்டுங்கள். எட்டுப் பத்துத் தடவை வாசித்தும் வரவில்லை என்றால், பிழை கூடவா என்று பாருங்கள். கூட என்றால் மட்டம் இறங்க வேண்டும். பிழை இல்லை, வேகம் மட்டும் வரவில்லை என்றால் இலக்கை இறக்குங்கள்.

இரண்டையும் ஒன்றாக மாற்றவே கூடாது. மாற்றினால் அடுத்த மாதம் எது வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரியாது.

நீண்ட விடுமுறைக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரு பந்தி முதல் வாசிப்பு வைத்துப் பாருங்கள். முஸ்லிம் பாடசாலைகளில் நோன்பு விடுமுறை முடிந்ததும், மற்றப் பாடசாலைகளில் மார்கழி விடுமுறை முடிந்ததும். மழை வெள்ளத்தில் பல நாள் பாடசாலை பூட்டிக் கிடந்தாலும் அப்படியே. பழைய இலக்கு பொருந்தவில்லை என்றால் ஒரு கிழமைக்கு இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றலாம்.

அட்டவணைக்குள் அடங்காத பிள்ளைகள்

ஓட்டக்காரன். நிமிடத்துக்கு 90 வாசிப்பான், என்ன வாசித்தாய் என்றால் தெரியாது. வேகத்துக்குக் கைதட்டி இவனை இப்படி ஆக்கியவர்கள் நாங்கள்தான். இவனுக்கு எண் இலக்கே வேண்டாம். கேள்விக்கு விடை, நிறுத்தம் இரண்டையும் மட்டும் பாருங்கள். உரையாடல் உள்ள பந்திகளைக் கொடுத்து மாமாவின் குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். தானாக மெதுவாகும்.

மெதுவாக, ஆனால் பிழையே இல்லாமல் வாசிக்கும் பிள்ளை. சரளப் பயிற்சிக்கு மிகப் பொருத்தமான ஆள் இவள்தான். வகுப்பில் சத்தம் போடாததால் பெரும்பாலும் கண்ணில் படமாட்டாள். மட்டத்தை இறக்காதீர்கள், இலக்கை மட்டும் சின்னச் சின்னதாக ஏற்றுங்கள்.

திக்கும் பிள்ளைக்கு நேரம் பிடிக்கவே கூடாது. மௌனமாக வாசிக்க விட்டுக் கேள்வி கேளுங்கள். உங்களோடு சேர்ந்து வாசிக்கும்போது திக்கு குறையும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதையும் முயன்று பாருங்கள்.

வரி தாண்டிக்கொண்டே இருக்கும் பிள்ளை, தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகும் பிள்ளை: மட்டத்தைப் பற்றி யோசிக்குமுன் கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பாடசாலை வைத்திய பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும், அதில் பார்வையும் பார்ப்பார்கள். தரம் 2, 3, 5 பிள்ளைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், தாய் தகப்பனிடம் சொல்லி ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

அப்புறம் புலமைப்பரிசில். தரம் 5 தொடங்கியதும் சில பெற்றோர் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பயிற்சித் தாள்களை மட்டும் கொடுக்கிறார்கள். கேள்வியை வாசித்து முடிக்க முடியாத பிள்ளைக்கு எத்தனை தாள் கொடுத்தும் என்ன? ரியூஷனுக்குப் போகும் நாட்களிலும் பத்து நிமிடம் ஒரு பந்தி வாசிக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசி இரண்டு மட்டப் பந்திகளில் சுற்றாடல் பாடத்து விஷயங்களைச் சேர்த்து எழுதிக்கொண்டால் தாய்மார் மறுக்கமாட்டார்கள்.

தாளில் என்ன எழுத வேண்டும்

ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். கொப்பியின் நடுப் பக்கம் போதும். திகதி, பந்தியின் பெயர், மட்டம், முதல் வாசிப்பு எண், பிழை, கடைசி வாசிப்பு எண், பிழை, கேள்வி மூன்றில் எத்தனை, நிறுத்தம் சரியா. ஓரத்தில் எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று இரண்டு சொல்: 'கே–கெ', 'சொல் முடிவை மாற்றுகிறாள்', 'நீண்ட சொல்லில் நிற்கிறான்'. மாதம் முடிய அந்த ஓரத்தைத்தான் நீங்கள் அதிகம் பார்ப்பீர்கள்.

வருட முடிவில் அந்தத் தாளை அடுத்த வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். இடமாற்றம் வந்து நீங்களே வேறு வலயத்துக்குப் போவதென்றால் அதிபரிடமோ ஆரம்பப் பிரிவுப் பொறுப்பாசிரியரிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள். மேலே ஒரு வரி எழுதுங்கள்: இந்த மட்டம், இந்த இலக்கு, கடைசியாகப் பார்த்த திகதி. வருகிறவர் ஜனவரியில் ஒரே ஒரு பந்தி கேட்டுப் பார்த்துவிட்டு அங்கிருந்து தொடங்கலாம்.